தருமமும் பரஸ்பர உதவியும்: குரோபோட்கின் திருச்சபைமீது சாட்டும் குற்றம்

அராஜகம் என்னும் சொல் நம் நாளேடுகளில் அடாவடிக்கும் கலகத்திற்கும் பெயராக வழங்கிவருகிறது. சொல்லின் நேர்ப்பொருள் அரசன் இல்லாமை என்பதே. இவ்விரு பொருள்களுக்கும் இடையிலுள்ள இழுபறி திருமறையை அறிந்தவர்க்குப் புதியதன்று. நியாயாதிபதிகள் நூல், அரசன் இல்லாத நாள்களில் ஒவ்வொருவரும் தம் மனம்போல் நடந்தனர் என்ற வருத்தக் குறிப்போடு முடிகிறது. முதலாம் சாமுவேல் நூலின் எட்டாம் அதிகாரமோ, அரசனை வேண்டி நின்ற மக்களிடம், அவன் அவர்களுடைய பிள்ளைகளையும் நல்ல வயல்களையும் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கையும் எடுத்துக்கொள்வான் என்று எச்சரிக்கிறது. இரண்டு குரல்களும் ஒரே திருமறையினுடையவை. ஆயினும் அராஜகவாதம் என்னும் தத்துவத்தை எடைபோடுகையில் நாம் முதற்குரலை மட்டுமே கேட்டுப் பழகிவிட்டோம். அத்தத்துவத்தின் தலைசிறந்த நூல்களுள் ஒன்றாகிய பீட்டர் குரோபோட்கினின் ‘பரஸ்பர உதவி’ நம் இறையியல் வகுப்புகளில் மிக அரிதாகவே பேசப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். அந்நூல் திருச்சபைமீது சுமத்தும் குற்றச்சாட்டு இலேசானதன்று. அதற்கு நாம் விடை கூறியாக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆசிரியரின் வாழ்வு நூலினும் சுவையானது. ஆயினும் இங்குச் சுருங்கவே கூறுவோம். 1842இல் மாஸ்கோவில் இளவரசர் குடும்பத்தில் பிறந்தவர். பேரரசரின் அரண்மனைப் படைப்பள்ளியில் பயின்றவர். 1862இல் தலைநகர்ப் பதவிகளைத் தவிர்த்துச் சைபீரியாவைத் தேர்ந்துகொண்டு, ஐந்தாண்டுகள் அங்குத் திரிந்து நிலவியல் ஆய்வில் பெயர் பெற்றார். 1872இல் சுவிட்சர்லாந்தின் ஜூரா மலைநாட்டுக் கடிகாரத் தொழிலாளரிடையே தங்கியபோது அரசிலாக் கொள்கையைத் தழுவினார். 1874இல் சிறை, 1876இல் அங்கிருந்து தப்பி மேலைநாடு சேர்ந்தார். 1883 முதல் 1886 வரை பிரான்சிலும் சிறைவாசம். பிரான்சின் கிளேர்வோ சிறையில் இருந்தபோதுதான் கெஸ்லர் என்னும் ருசிய விலங்கியலறிஞர் 1880இல் ஆற்றிய உரையொன்று இவர் கைக்கு வந்தது. இயற்கையில் போராட்ட விதி மட்டுமன்று, பரஸ்பர உதவி விதியும் உண்டு என்பதே அவ்வுரையின் சாரம்.

அக்கருத்தை நூலாக வளர்க்கத் தூண்டியவர் ஹக்ஸ்லி. டார்வினின் தளபதி என மதிக்கப்பட்ட அவர் 1888இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் விலங்குலகை உரோமரின் வாட்போர் அரங்கோடு ஒப்பிட்டார். பண்டை மனிதரின் வாழ்வும் அத்தகைய இடைவிடாப் போரே என்றார். குரோபோட்கின் அதே இதழில் 1890 முதல் 1896 வரை தொடர்ந்து மறுப்பு எழுதினார். அக்கட்டுரைகளே 1902இல் இலண்டனில் நூலாயின. ஈண்டு ஒன்றை நம் வாசகர் நினைவுகூர்தல் நலம். டார்வினின் போராட்டக் கருத்துக்கு வித்திட்டது 1798இல் மக்கட்தொகை குறித்து மால்தஸ் எழுதிய நூல். மால்தஸ் ஆங்கிலத் திருச்சபையின் குருவானவர்! ஏழைகளுக்கு இயற்கையின் விருந்தில் இடமில்லை என்ற கோட்பாடு குருவானவர் ஒருவரின் எழுதுகோலிலிருந்தும், எளியோர் ஒருவரையொருவர் தாங்கியே மனித இனம் பிழைத்தது என்ற மறுப்பு கடவுள் நம்பிக்கையற்ற ஒரு கைதியின் எழுதுகோலிலிருந்தும் பிறந்தன என்பது நம்மைச் சற்று நாணச் செய்யவேண்டிய செய்தி.

நூலின் முதல் இரு இயல்கள் விலங்குகளைப் பற்றியவை. எறும்பு தன் இரைப்பையிலுள்ள உணவைப் பசித்த தோழமை எறும்புக்கு ஊட்டுவதையும், பெலிக்கன் பறவைகள் அரைவட்டமாக அணிவகுத்து மீன் பிடிப்பதையும், பிரைட்டன் நகர் மீன்காட்சியகத்தில் 1882இல் மல்லாந்து கிடந்த நண்டொன்றைப் பிற நண்டுகள் நிமிர்த்த முயன்றதையும் ஆசிரியர் விவரிக்கிறார். இவற்றினும் மனத்தில் நிற்பது அமூர் ஆற்றங்கரையில் அவர் கண்ட காட்சி. வரப்போகும் கடும்பனிக்கு அஞ்சி, பரந்த நிலப்பரப்பெங்கும் சிதறி வாழ்ந்த மான்கள் ஆயிரக்கணக்கில் ஒன்றுகூடி, ஆறு குறுகும் இடம் தேடிக் கடந்து செல்கின்றன. சைபீரியாவில் தாம் தேடியும் காணாதது ஓரினத்து உயிர்களுக்குள் நிகழும் கொடிய போட்டியே என்கிறார். உயிர்களின் பகை அங்கே பனியும் பசியும்தான். மக்கள் நெருங்கிய இங்கிலாந்திலிருந்து உலகை நோக்கியவர்க்குப் போட்டி கண்ணில் பட்டது. ஆளரவமற்ற வடபுலத்திலிருந்து நோக்கியவர்க்குத் துணை கண்ணில் பட்டது. அறிவியலும் தான் நிற்கும் இடத்திலிருந்தே காண்கிறது போலும்.

அடுத்துத் தொல்குடிகள், கிராம சமுதாயங்கள், இடைக்கால நகரங்கள் என வரலாறு விரிகிறது. நகரங்களைப் பற்றிய இரு இயல்களே நூலின் மணிமுடி. அங்குக் கைவினைஞர் கூட்டுறவுகளாகிய கில்டுகளின் வாழ்வை அவர் அன்போடு தீட்டுகிறார். கூட்டுறவின் உறுப்பினன் நோயுற்றால் சகோதரர் இருவர் முறைவைத்து அவன் படுக்கையருகே விழித்திருப்பர். இறந்தால் அனைவரும் அடக்கத்திற்குச் செல்வர். அவன் மனைவி மக்களைக் காப்பர். இவையெல்லாம் சட்டம் கட்டளையிட்டதாலோ வள்ளல் ஒருவர் இரங்கியதாலோ நிகழ்ந்தவையல்ல. இன்று நான், நாளை நீ என்னும் உணர்வால் நிகழ்ந்தவை. பின்னர் 16ஆம் நூற்றாண்டு முதல் வளர்ந்த மைய அரசுகள் இவ்வமைப்புகளின் சொத்தைப் பறித்து, மன்றங்களைக் கலைத்து, மனிதனைத் தனியனாக்கி, அவனுக்கும் அரசுக்கும் இடையே எதுவும் இல்லாமற் செய்தன என்பது அவரது வழக்கு.

இவ்விடத்தில் சீர்திருத்தத் திருச்சபையினராகிய நம்மைப் பற்றியும் அவர் பேசுகிறார். சீர்திருத்தம் போப்பின் திருச்சபையை எதிர்த்த கலகம் மட்டுமன்று. சகோதர சமுதாயங்களாக வாழ விரும்பிய எளியோரின் ஆக்கக் கனவும் அதில் இருந்தது என்கிறார். இது மிகையன்று. 1525இல் மெம்மிங்கன் நகரில் ஜெர்மானிய உழவர் வகுத்த பன்னிரண்டு கோரிக்கைகளுள் முதலாவது, தங்கள் போதகரைத் தாங்களே தெரிந்துகொள்ளும் உரிமை. அதே பட்டியலில், பிரபுக்கள் கவர்ந்துகொண்ட காடுகளையும் மேய்ச்சல் நிலங்களையும் ஊருக்குத் திருப்பித் தரவேண்டும் என்ற கோரிக்கைகளும் உள்ளன. சபையின் தன்னாட்சியும் ஊரின் பொதுநிலமும் அவ்வுழவர் உள்ளத்தில் ஒன்றாகவே இருந்தன. லூத்தர் முதலில் இருதரப்பாருக்கும் அறிவுரை கூறினார். பின்னர், கலகம் மூண்டபின், வெட்டுங்கள் என்று பிரபுக்களைத் தூண்டி எழுதினார். மடிந்தவர் தொகை ஒரு லட்சம் வரை மதிப்பிடப்படுகிறது. சீர்திருத்த வரலாற்று வகுப்பில் நாம் விரைந்து கடந்துபோகும் இப்பக்கத்தை ஒரு நாத்திகர் நிறுத்தி நிதானித்து வாசிக்கிறார்.

இனிக் குற்றச்சாட்டுக்கு வருவோம். நூலின் பிற்பகுதியில் அவர் கூறுவதன் சாரம் இது: தனக்கு முன்பே இருந்த, அல்லது தனக்குப் புறம்பே வளர்ந்த பரஸ்பர உதவி அமைப்புகளைச் சிதைப்பதில் திருச்சபை அரசுக்குத் துணைநின்றது, தொல்குடி மனிதன் தன் உறவினனுக்குக் கடமையாகச் செய்த உதவிக்குப் பதிலாக, மேலிருந்து அருளப்பட்ட சாயலுடைய தருமத்தைப் போதித்தது, அதனால் கொடுப்பவன் பெறுபவனைவிட உயர்ந்தவன் என்ற எண்ணத்தை நிலைநாட்டியது.

இதில் எவ்வளவு உண்மை? முதற்பகுதியை வரலாறு முழுமையாக ஏற்பதில்லை. கில்டுகளின் சமய முகத்தை ஆசிரியர் வேண்டுமென்றே மங்கலாக்குகிறார். அவற்றுக்குப் புரவலர் தூயவர் உண்டு, ஆலயத்தில் பீடம் உண்டு, இறந்த சகோதரருக்காகத் திருப்பலி உண்டு. பல கில்டுகள் சபைச் சகோதரத்துவங்களாகவே வாழ்ந்தன. தன்னார்வத் துணைக்குச் சான்றாக அவர் உளமாரப் புகழும் இங்கிலாந்தின் உயிர்மீட்புப் படகுச் சங்கம் 1824இல் தொடங்கிய கூட்டத்திற்குத் தலைமை தாங்கியவர் கேன்டர்பரி பேராயரே. இதை ஆசிரியர் கூறவில்லை. தம் வழக்குக்கு உதவாத சாட்சியை அழைக்காத வழக்கறிஞரைப் போல் அவர் இவ்விடங்களில் நடந்துகொள்கிறார்.

இரண்டாம் பகுதியோ நம் நெஞ்சைத் தைக்கிறது. கொடுப்பவரின் பெயர் பொறித்த கல்வெட்டு இல்லாத கட்டடம் நம் வளாகங்களில் எத்தனை? கிறிஸ்து பிறப்பு நாளில் புடைவை வழங்கும் நிகழ்ச்சியில் மேடையில் அமர்பவர் யார், வரிசையில் நிற்பவர் யார்? வரிசையில் நிற்பவர் என்றேனும் மேடைக்கு அழைக்கப்பட்டதுண்டா? பெறுபவர் ஆண்டுதோறும் பெறுபவராகவே நீடிப்பதில்தான் அத்தகைய தருமம் உயிர் வாழ்கிறது. வேறு மரபும் நமக்கு உண்டு என்பதை மறந்துவிடக்கூடாது. 1830இல் இரேனியஸ் ஐயர் திருநெல்வேலியில் தோற்றுவித்த தர்ம சங்கம், துன்புறுத்தப்பட்டு ஊரைவிட்டு விரட்டப்பட்ட புதிய கிறிஸ்தவருக்கு நிலம் வாங்கிக் குடியமர்த்த, உள்ளூர்க் கிறிஸ்தவரும் பணம் தந்து நடத்திய அமைப்பு. சமைக்கும் அரிசியில் ஒரு பிடியை எடுத்து வைக்கும் பிடியரிசிக் காணிக்கையும் இவ்வகையே. இவ்வாண்டு பிடியரிசி தந்தவள் அடுத்த ஆண்டு அதே கலயத்திலிருந்து பெறக்கூடும். அதில் எவரும் மேலோரல்லர். இவ்விரண்டையும் குரோபோட்கின் அறிந்திருப்பின் மகிழ்ந்திருப்பார் என்றே எண்ணுகிறோம்.

ஆயினும் இறையியல் மாணவர் இங்கு நிறுத்திவிட இயலாது. மேலிருந்து வருவதாலேயே தருமம் இழிவு தருகிறது என்றால், கிருபையைக் குறித்து என்ன சொல்வோம்? நற்செய்தி முழுவதும் மேலிருந்து வந்த கொடை அன்றோ? குரோபோட்கினின் சொல்லம்பு தருமத்தை மட்டுமன்று, கிருபை என்னும் கோட்பாட்டையே குறிவைக்கிறது. இதற்குரிய விடை நற்செய்தி நூல்களிலேயே கிடக்கிறது. மேலிருந்து வந்தவர் பெறுபவராகவே நம்மிடையே நடந்தார். சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டார். இரவல் படகிலிருந்து போதித்தார்; இரவல் கழுதைமேல் நகர் புகுந்தார்; பிறனொருவனின் கல்லறையில் கிடத்தப்பட்டார். லூக்கா 8ஆம் அதிகாரத்தின்படி, பெண்கள் சிலர் தங்கள் பொருளைக் கொண்டு அவரையும் சீடரையும் தாங்கினர். இத்தகைய கொடை பெறுபவனைத் தாழ்த்துவதில்லை. அவனைக் கொடுக்க வல்லவனாக்குகிறது. எருசலேமின் ஏழைகளுக்காகக் காணிக்கை சேர்த்த பவுல், 2 கொரிந்தியர் 8ஆம் அதிகாரத்தில் முன்வைக்கும் அளவுகோலும் சமநிலையே. இன்று ஒருவரின் நிறைவு மற்றவரின் குறைவைப் போக்கும். நாளை அது திசைமாறி வரும். திருச்சபை தவறியது மேலிருந்து பெற்றதனாலன்று. பெற்றவர் என்ற நிலையை மறந்து, தன்னையே மேலிடத்தில் அமர்த்திக்கொண்டதனால்.

இனி நூலை நாம் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்விகளும் உண்டு. தலையாயது எல்லையைப் பற்றியது. கில்டின் சகோதரர் யார்? யூதர் அல்லர்; பெண்களுக்கு இடம் குறுகிக்கொண்டே வந்தது; பிற்காலத்தில் முதலாளிக் கைவினைஞரின் பிள்ளையல்லாத உழைப்பாளிக்கும் கதவு அடைபட்டது. கிராம சமுதாயங்களை விளக்குகையில் ஹென்றி மெய்ன் முதலானோரைப் பின்பற்றி இந்தியக் கிராமங்களையும் அவர் எடுத்துக்காட்டுகிறார். அக்கிராமத்தின் உள்ளிருந்து எழுந்த தீர்ப்பை நாம் அறிவோம். 1948 நவம்பர் 4ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் பேசிய அம்பேத்கர், கிராமக் குடியரசுகளைப் போற்றுவோரைக் கடுமையாக மறுத்து, அரசியல் சட்டம் கிராமத்தை விடுத்துத் தனிமனிதனை அலகாகக் கொண்டதற்கு மகிழ்ந்தார். சாதிக்குள்ளும் பரஸ்பர உதவி உண்டு. திருமணத்திற்கும் சாவுக்கும் வழக்குக்கும் சாதியார் ஓடிவருவர். அந்த உதவியின் வெப்பமே வெளியே நிற்பவனைச் சுடுகிறது. அரசு இல்லாத ஊரில் சேரிவாழ் மக்கள் யாரிடம் முறையிடுவர்? இக்கேள்விக்குக் குரோபோட்கினின் நூலில் விடையில்லை.

உதவும் உணர்வை அன்பு என்று கூட அவர் அழைக்க விரும்பவில்லை. அண்டை வீடு தீப்பற்றினால் வாளித் தண்ணீரோடு ஓடுபவனை உந்துவது அவ்வீட்டானிடம் கொண்ட அன்பன்று. அவனை இவன் அறியாமலும் இருக்கலாம். அன்பினும் அகன்ற, தெளிவற்ற ஓர் ஒருமை உணர்வே உந்துகிறது என்று முன்னுரையில் விளக்குகிறார். நுட்பமான கருத்துதான். ஆயின் லூக்கா 10ஆம் அதிகாரத்தின் சமாரியன் ஓடியது அண்டை வீட்டுக்கன்று. அங்கு ஒருமை உணர்வுக்கு இடமேயில்லை. இருந்ததெல்லாம் தலைமுறைப் பகை. இவ்வுவமையைப் பிரசங்கிக்கும்போது நாம் நம்மைச் சமாரியனாக எண்ணிக்கொள்கிறோம். கதையைக் கேட்ட யூதரோ வழியில் குற்றுயிராய்க் கிடந்தவனின் இடத்தில் நின்றிருப்பர். தாம் வெறுப்பவன் கையால் உதவி பெறும் நிலையில்! குரோபோட்கினின் குற்றச்சாட்டுக்கும் அவரது தத்துவத்தின் குறைக்கும் ஒருங்கே விடைதரும் உவமை இதுவே என்பது நம் துணிபு.

குழுவுக்குள் தன்னலம் துறப்பவன் குழுவின் பெயரால் பெருந்தன்னலம் கொள்வான் என்பதை ரெய்னால்டு நீபர் 1932இல் ‘ஒழுக்கமுள்ள மனிதனும் ஒழுக்கமற்ற சமுதாயமும்’ என்னும் நூலில் நிறுவினார். நாட்டுக்காக உயிர்விடும் தியாகமே போருக்கு எரிபொருள். இதற்குக் குரோபோட்கினின் வாழ்வே துயரச் சான்று. முதல் உலகப் போரில் அவர் நேச நாடுகளை ஆதரித்தார். 1916இல் ‘பதினாறுபேர் அறிக்கை’யில் கையொப்பமிட்டார். மலட்டெஸ்டா முதலிய பழந்தோழர் கண்டித்துப் பிரிந்தனர். அரசுகளே தீமையின் வேர் என்று வாழ்நாளெல்லாம் எழுதியவர் ஓர் அரசுக் கூட்டணியின் வெற்றிக்காக வாதாடினார். தீமை அரசு என்னும் நிறுவனத்தில் மட்டும் குடியிருந்தால் இதை விளக்குவது கடினம். பாவத்தைக் குறித்த நம் கோட்பாட்டுக்கு அவ்வளவு கடினமில்லை. பரஸ்பர உதவி மனித இயல்பில் அத்துணை ஆழமானதாயின், அந்த இயல்புடையோரிடமிருந்தே அரசு எவ்வாறு எழுந்தது என்ற வினாவையும் அவர் முழுமையாக எதிர்கொள்ளவில்லை. எனினும், தாம் எழுதியது உண்மையின் ஒரு பக்கமே, மறுபக்கம் ஏற்கெனவே அளவுக்கு மிஞ்சிப் பேசப்பட்டுவிட்டது என்று அவரே ஒப்புவதை நாம் மறைக்கலாகாது.

அறிவியல் அவரை நெடுங்காலம் ஒதுக்கி வைத்தது; பின்னர் ஒருவகையில் மீட்டது. 1964இல் ஹாமில்டன் இரத்த உறவின் கணக்கைக் கொண்டும், 1971இல் டிரிவர்ஸ் கைம்மாறின் கணக்கைக் கொண்டும் உயிரினங்களின் தன்னலத் துறவை விளக்கினர். ஸ்டீபன் ஜே கூல்டு 1988இல் குரோபோட்கின் பித்தர் அல்லர் என்று தலைப்பிட்டே ஒரு கட்டுரை எழுதினார். பொதுநில ஆய்வுகளுக்காக 2009இல் பொருளியல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்ட எலினார் ஆஸ்ட்ரம், அரசும் தனியுடைமையும் இன்றி மேய்ச்சல் நிலங்களையும் வாய்க்கால்களையும் பல நூற்றாண்டுகள் காத்த ஊர்களைக் காட்டினார். குளிர்காலத்தில் தன்னால் தீனியிட்டுக் காக்க இயன்ற பசுக்களுக்கு மேல் எவரும் மலைமேய்ச்சலுக்கு அனுப்பலாகாது என்று சுவிட்சர்லாந்தின் டோர்பெல் ஊரார் 1517இல் விதித்த விதி அவற்றுள் ஒன்று. அவ்வூர்களிலெல்லாம் விதியும் காவலும் தண்டமும் இருந்தன என்பதையும் அவ்வம்மையார் மறைக்கவில்லை. நல்லுணர்வு மட்டும் பசுக்களை எண்ணிவிடாது.

ஹாமில்டன், டிரிவர்ஸ் ஆகியோரின் விளக்கம் நமக்கு ஓர் எச்சரிக்கையும் ஆகும். உதவி என்பது கைம்மாறின் கணக்கே என்றால், திரும்பப் பெறும் நம்பிக்கையோடு கடன் கொடுப்பதில் சிறப்பென்ன என்று லூக்கா 6ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கேட்கும் கேள்வி அதை வீழ்த்திவிடும். குரோபோட்கின் இதை உணர்ந்திருந்தார். 1917இல் தாய்நாடு திரும்பி, மாஸ்கோவுக்கு அப்பாலுள்ள திமித்ரோவ் சிற்றூரில் பசியிலும் குளிரிலும் அவர் எழுதி, முடிக்காமலே 1921 பிப்ரவரி 8இல் மறைந்த ‘அறவியல்’ என்னும் நூல், பரஸ்பர உதவியை அறத்தின் முதற்படியாக மட்டுமே வைக்கிறது. இரண்டாம் படி நீதி. மூன்றாம் படி, நீதி கேட்கும் அளவையும் கடந்து தன்னையே அளித்தல். அம்மூன்றாம் படிக்கு இயற்கையில் வேர் காட்ட அவர் பெரிதும் முயல்கிறார். வேர் கிடைத்ததாக நமக்குத் தோன்றவில்லை.

அதற்கு அவர் தந்த மிகச் சிறந்த சான்று முந்திய நூலிலேயே உள்ளது. பிரான்சில் சிறையிலிருந்து தப்பிய கைதி ஒருவன் ஊரருகே ஒளிந்திருக்கிறான். ஊரில் தீப்பிடிக்கிறது. எரியும் வீட்டின் மாடியிலுள்ள குழந்தையைக் காக்கும்படி ஒரு பெண் கதறுகிறாள், எவரும் அசையவில்லை. கைதி மறைவிடத்திலிருந்து வெளிப்பட்டுத் தீக்குள் பாய்ந்து, முகம் கருகி, குழந்தையைத் தாயிடம் சேர்க்கிறான். உடனே கைதாகிச் சிறைக்கே திரும்புகிறான். செய்தித்தாள்கள் எழுதின; அவன் விடுதலைக்காக எவரும் முயலவில்லை. பரஸ்பர உதவி என்று இதற்குப் பெயரிட முடியுமா? பரஸ்பரம் எங்கே? அவரது கோட்பாடு எட்டாத இடம் இதுவே என்று நமக்குத் தோன்றுகிறது.

இந்நூலை முதன்முறை எடுக்கும் மாணவர் விலங்கியல் பகுதியிலேயே களைத்துவிடக் கூடும். நிகழ்காலச் சமுதாயத்தைப் பற்றிய ஏழாம் எட்டாம் இயல்களை முதலில் வாசித்து, பின் நகரங்களுக்கும் கிராமங்களுக்கும் திரும்புவது நலம். சபையில் ஏழைகள் நிதியின் பொறுப்பை ஏற்றிருக்கும் போதகர்கள் எட்டாம் இயலை நிதிக்குழுவோடு சேர்ந்தே வாசிக்கலாம். அக்குழுவில் நிதியைப் பெறுபவர் எவரேனும் உறுப்பினராக இருப்பின் வாசிப்பு இன்னும் பயனுடையதாகும்.